மூன்றாவது குழாய்

பூவரசன் பைக்குள் கிடந்தான்.

ஆள் நீளத்துக்கு ஓர் ஆரஞ்சு நிற ரப்பர் பை. முகத்துக்கு நேரே வட்டமாக ஒரு கண்ணாடி. கால்மாட்டில் கேம்ப் சமையல்காரர் நின்று மிதி பம்பை மிதித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கினால் அடுத்த ஆள் வருவான். மிதிப்பது நின்றால் பைக்குள் காற்றழுத்தம் குறையும். குறைந்தால் பூவரசனின் நுரையீரலில் மறுபடி நீர் கோக்கும்.

அர்த்தநாரி குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். உதடுகள் நாவல்பழம் தின்றது போல இருந்தன. அந்த உதடுகளை அசைத்து எதையோ சொன்னான். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள் என்கிறான் என்று புரிந்தது. பூவரசன் அவருடைய மனைவி பிரதீபாவின் தம்பி. ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, பிரதீபா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், இங்கே இழுத்து வந்தவர் அவர்தான்.

இங்கே என்றால் லடாக்கின் கிழக்கு மூலையில் சும்தாக் என்ற பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பெயர்தானே தவிர, அதுவே பதினைந்தாயிரம் அடி உயரம். பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டை மேலே கொண்டு வந்து மின்சாரம் எடுக்கும் திட்டம். பூமியில் ஆழமாகத் துளை போட வேண்டுமென்றால் நாட்டின் எந்த மூலைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போய் நிற்கும். இங்கேயும் போய் நின்றது. வண்டியோடு கம்ப்ரஸர் மெக்கானிக் அர்த்தநாரியும் போனார்.

லே நகரத்து டாக்டர் வயர்லெஸ்ஸில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது. மருந்தைவிட முக்கியம், ஆளைக் கீழே இறக்குவது. சிக்கல் என்னவென்றால், சும்தாக்கிலிருந்து கீழே போக ஒரே வழிதான் உண்டு, அது முதலில் மேலே போகும். கர்லுங் கணவாய், பத்தொன்பதாயிரம் அடி. பதினைந்திலேயே மூச்சுத் திணறுகிறவனைப் பத்தொன்பதுக்கு ஏற்றினால் மறுபக்கம் இறங்குவது உடம்பு மட்டும்தான். ஹெலிகாப்டர் மேகத்துக்குள் வராது. ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்றிய லாரி, பனியில் பாதை மூடியதால் கணவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

மிச்சம் இருந்தது ஸ்னோமொபைல். பனியில் ஓடும் வண்டி. பின்னால் ஒரு சறுக்குப் பலகை, அதன்மேல் பை. அதற்காகவே அந்த வண்டியில் டர்போ பொருத்தியிருந்தார்கள்.

பொருத்தியது குளிர் தொடங்கும்போது. கம்பெனி அனுப்பிய பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் பரப்பியபோது அர்த்தநாரிக்கு விஷயம் பிடிபடவில்லை. திருச்சிக்காரியான இன்ஜினியர் வசுமதிதான் விளக்கினாள்.

"இந்த உயரத்துல நமக்கு மட்டுமா அண்ணே மூச்சு வாங்குது? இன்ஜினுக்கும்தான். பாதி பலம் போயிடும். புகையா வெளிய போற சூட்டுல ஒரு சக்கரம் சுத்தும். அது இன்னொரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். அந்தச் சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி அமுக்கி உள்ள தள்ளும்."

"அது தெரியுமுங்க. லாரியில இருக்கறதுதானே. இதுல எதுக்கு மூணு குழாய்?"

"அமுக்கின காத்து இன்ஜினுக்கு மட்டும் எதுக்கு? மனுஷனுக்கும் அதே காத்துதானே. ஒண்ணாவது குழாய் இன்ஜினுக்கு. ரெண்டாவது பைக்கு. மூணாவது ஓட்டறவன் முகமூடிக்கு."

அர்த்தநாரி கொஞ்ச நேரம் மூன்று குழாய்களையும் பார்த்தார். பிறகு, காற்று பற்றாமல் போனால் யாருக்கு முதலில் என்று கேட்டார்.

"அதைத்தான் நீங்க சொல்லிக்குடுக்கப் போறீங்க" என்றாள் வசுமதி.

சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. பெங்களூரில் உட்கார்ந்து போட்ட கணக்கெல்லாம் மலையில் எடுபடவில்லையாம். உயரம் ஏற ஏற ஓட்டுகிறவனுக்கும் புத்தி மங்கும். அவன் கையில் பொறுப்பைக் கொடுக்க முடியாது. அதனால் கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. அனுபவம் உள்ள ஒருவர் லீவரைப் பிடித்து, ஏற்றத்தில் எந்தக் குழாய்க்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக் காட்டுவார். பெட்டி அவர் கையைக் கவனிக்கும். போதுமான தடவை பார்த்ததும் பச்சை விளக்கு எரியும். அதன்பிறகு லீவரைக் கழற்றிவிடலாம். அவர் கை செய்ததைப் பெட்டியே செய்யும்.

பழைய சைலன்ஸரைக் கழற்றி அந்த இடத்தில் டர்போவை உட்கார வைத்தார்கள். எண்ணெய் போக மெல்லிய குழாய், வர தடித்த குழாய். சூடு பக்கத்து பிளாஸ்டிக்கை உருக்காமல் இருக்க வெள்ளிப்பட்டை சுற்றினார்கள். முதல் ஓட்டத்தில் கிளட்ச்சில் இருந்த எடைகள் புதுப் பலத்தைத் தாங்காமல் பெல்ட் கருகி நாறியது. எடைகளை மாற்றியதும் அடங்கியது. அர்த்தநாரி மூன்றாவது குழாயின் வாயில் மூக்கை வைத்து மோந்து மோந்து பார்த்தார். டர்போவின் எண்ணெய் சொட்டுக் கசிந்தாலும் அது நேரே நெஞ்சுக்குப் போகும். வாசனை இல்லை.

சரி, பாடம் சொல்ல வேண்டும். பையில் எடை வேண்டுமே என்று ஒரு பொன்னி அரிசி மூட்டையை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்கள். கேம்ப்புக்குப் பின்னால் இருந்த சரிவில் அர்த்தநாரி ஏறினார். பாதியில் இன்ஜின் முனகியது. ரிக்கில் ஒரு பழக்கம் உண்டு. ஆழத்தில் பாறையை உடைக்கும் சுத்தியல் மாட்டிக்கொண்டால் இருக்கிற காற்றையெல்லாம் துளைக்குள் அனுப்புவார்கள். மற்றதெல்லாம் பிறகு. அந்த வேலையில் இத்தனை வருஷம் ஊறிய கை தானாகப் போய், பைக்கான இரண்டாவது குழாயை மூடியது. இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறியது. கீழே நின்றவர்கள் விசில் அடித்தார்கள். அன்று முழுக்க அப்படியே ஏறினார், இறங்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

அரிசி மூட்டை எதுவும் சொல்லவில்லை.

இப்போது பூவரசன் பைக்குள் கிடக்கும்போதுதான் வசுமதிக்கு அது உறைத்தது. கையில் இருந்த டேப்லெட்டோடு வந்து அர்த்தநாரியைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, பைக்குள்ள மூட்டைய வச்சில்ல சொல்லிக்குடுத்தோம்."

அவருக்கு உடனே புரியவில்லை.

"ஏத்தம் வந்தா பையைப் பட்டினி போடணும்னு அது கத்து வச்சிருக்கு. இப்ப இவனை வச்சு அனுப்பினா முதல் ஏத்தத்துலயே குழாயை மூடிடும்."

அர்த்தநாரி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, கற்றதை அழித்துவிட்டு மறுபடி சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் இந்த முறை பைக்குள் மூச்சு விடுகிற ஆள் வேண்டும். உள்ளே சுவாசம் இருக்கிறதா என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். மறுநாள் காலை சில மணி நேரம் கணவாயில் வானம் திறக்கும் என்றும், அதை விட்டால் வாரக்கணக்கில் மூடிக்கொள்ளும் என்றும் வானிலைச் செய்தி வந்திருந்தது. ஆக, அன்று பிற்பகல் ஒன்றுதான் கையில் இருந்தது.

கணவாயில் ஓட்டப்போவது நோர்பு. உள்ளூர்க்காரன். அந்தப் பாதையில் எங்கே பனி பொய்யாக மூடியிருக்கிறது, எங்கே தாங்கும் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். யார் ஓட்டப்போகிறானோ அவனே சொல்லிக்கொடுப்பதுதான் முறை என்றாள் வசுமதி. அர்த்தநாரி ஒப்புக்கொள்ளவில்லை. நோர்புக்குக் காற்றுக் கணக்கு தெரியாது, காலையில் போகிறவன் இப்போது தூங்கட்டும் என்றார். உண்மைக் காரணம் வேறு. மச்சினனின் உயிரை இன்னொருவன் கையில் விட அவருக்கு மனம் வரவில்லை.

"பைக்குள்ள யாருங்க படுக்கறது?" என்று கேட்டார்.

வசுமதி ஏற்கெனவே காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பூவரசனை ஜமக்காளத்தில் மாற்றிப் படுக்க வைத்தார்கள். பை இல்லாத அந்தப் பிற்பகலில் அவன் மூச்சு, தண்ணீருக்குள் குமிழி விடுவது போலச் சத்தம் போட்டது. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. வசுமதி பைக்குள் படுத்தாள். கையில் ஒரு பொத்தான். காற்று குறைந்து காது வலித்தால் அழுத்துவாள். வண்டியின் கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் ஏற்றம். பாதியில் இன்ஜின் முனகியது. அர்த்தநாரியின் கை தானாகப் போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. தன்னையே திட்டிக்கொண்டு கீழே வந்தார்.

இரண்டாவது ஏற்றத்தில் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டார். இன்ஜின் இருமி நின்றுவிட்டது. வண்டி பின்னோக்கி வழுக்கியது. பிரேக் பிடித்தபோது சறுக்குப் பலகை பக்கவாட்டில் சுழன்று, பையோடு ஒரு பாறையை உரசி நின்றது. விளக்கு எரியவில்லை. உள்ளே காற்று இருக்கிறது, வண்டிதான் ஏறவில்லை. மூன்றாவது முறையும் அதே கதை. கொஞ்சம், மிகக் கொஞ்சம் காற்று இன்ஜினுக்குக் கூடக் கிடைத்தால் போதும். எங்கிருந்து எடுப்பது?

நான்காவது முறை, இன்ஜின் முனகத் தொடங்கியதும் மூன்றாவது குழாயை மூடினார். முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு வெளிக்காற்றையே இழுத்தார். மூக்கு எரிந்தது. ஆனால் சரிவு மலையின் மறைவில் இருந்தது, காற்று வீசவில்லை. தாங்க முடிந்தது. வண்டி திணறித் திணறி உச்சிக்கு வந்துவிட்டது. விளக்கு எரியவே இல்லை.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தார். வெளிச்சம் மங்குவதற்குள் பெட்டி பச்சை காட்டியது. லீவரைக் கழற்றினார்கள். வசுமதி பையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, கடைசியில் எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டாள். கை பழகிவிட்டது என்றார். முகமூடியைப் பற்றி அவர் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அது அவருடைய மூக்கு. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

காலையில் நோர்பு வந்தான். ரிக் ஆட்களோடு இரண்டு வருஷம் பழகித் தமிழ் பேசுவான். அதுவும் திருச்செங்கோட்டுத் தமிழ். பையின் கண்ணாடியைத் தட்டி, "மாப்ள, வழியில தூங்கிராத" என்றான். அர்த்தநாரி கயிறுகளை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்ததைக் கவனித்தவன், "அண்ணா, நீங்க போய் டீ குடிங். நான் கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான். அர்த்தநாரி டீ குடிக்கப் போகவில்லை.

கேம்ப் அறையில் வசுமதியின் டேப்லெட்டில் மூன்று கோடுகள் தெரிந்தன. இன்ஜின், பை, முகமூடி. பக்கத்தில் வயர்லெஸ். முதல் ஏற்றத்தில் மூன்று கோடுகளும் ஒழுங்காக இருந்தன. நோர்பு ஏதோ லடாக்கிப் பாட்டு முணுமுணுப்பது கேட்டது. வசுமதிக்குச் சிரிப்பு வந்தது. அவன் கணவாயின் கடைசி ஏற்றத்துக்கு வந்தபோது வயர்லெஸ்ஸில் பாட்டுக்குப் பதிலாக ஓர் ஊளைச் சத்தம் கேட்டது. வானிலைக்காரர்கள் சொன்னதற்கு முன்பாகவே காற்று கிளம்பிவிட்டது.

அந்த ஏற்றத்துக்கு ஏணி என்று பெயர். கேம்ப் சரிவைப்போல மூன்று மடங்கு நீளம். நடுவில் நிற்க இடம் கிடையாது. நின்றால் வண்டி பின்னோக்கிப் போகும்.

மூன்றாவது கோடு மெல்ல இறங்கிப் பூஜ்யத்தில் படுத்தது.

"முகமூடிக் குழாய் மூடிருச்சு" என்றாள் வசுமதி. திரையைத் தட்டினாள். "கோளாறா என்னன்னு தெரியல."

அர்த்தநாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "கோளாறு இல்லீங்க. நான் சொல்லிக்குடுத்ததுங்க."

அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். வசுமதி திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"அங்க முகமூடியைத் தூக்க முடியாது அண்ணே. அந்தக் காத்துல கண்ணுல இருக்கிற தண்ணியே உறைஞ்சிடும்."

"நிறுத்திப் போடுங்க. இங்கிருந்து எதாச்சும் அமுக்கி..."

"இங்கிருந்து எதுவும் முடியாது. பார்க்கத்தான் முடியும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒரே வழி. பைக்குப் போற குழாயைப் பிடுங்கி அவன் முகமூடியில சொருகணும். கைக்கு எட்டுற இடத்துலதான் இருக்கு. பை கொஞ்ச நேரம் தாங்கும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நல்லா இருக்கிற ஆளுன்னா தாங்கும்."

பூவரசன் நன்றாக இருக்கிற ஆள் இல்லை. வசுமதி வயர்லெஸ்ஸை அவர் பக்கம் தள்ளினாள். தான் சொன்னால் நோர்பு ஏன் எதற்கு என்று கேட்பான், அவர் சொன்னால் உடனே செய்வான் என்றாள்.

அர்த்தநாரி கருவியைக் கையில் எடுத்தார். பொத்தானை அழுத்தவில்லை.

நோர்புவே கூப்பிட்டான். வேலை எப்படிப் போகிறது என்று தெரிவிக்கிற குரலில், "அண்ணா, முகமூடில காத்து வரலீங். நின்னு பாக்கட்டுங்களா?" என்றான்.

"நிக்காத நோர்பு. ஏறு."

"செரிங்."

அவ்வளவுதான் சொன்னார். பொத்தானை விட்டுவிட்டார். வசுமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரையில் இரண்டாவது கோடு நேராக, அசையாமல் நின்றது. பூவரசன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அந்தக் கோடு அப்படியே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அந்த நேரத்தில் அவரால் நினைக்க முடியவில்லை.

வயர்லெஸ்ஸில் இருமல் கேட்டது. "அண்ணா, தலை ரொம்ப வலிக்குதுங். தூக்கம் வருது." விட்ட மூச்சையே அவன் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள் வசுமதி. குரலை உயர்த்தவில்லை.

அர்த்தநாரி அழுத்தினார். சொன்னார். பையின் குழாயைப் பிடுங்கு, உன் முகமூடியில் வை, நான்கு மூச்சு வாங்கு, திரும்ப மாட்டு. வார்த்தைகள் ஒழுங்காகத்தான் வந்தன.

இன்ஜின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு நோர்பு சொன்னான்.

"மாப்ள அரிசி மூட்டை இல்லீங் அண்ணா."

"சொன்னாக் கேளு நோர்பு. கொஞ்ச நேரந்தான்..."

"ஏணி இன்னும் பாதிதானுங். நான் முகமூடியத் தூக்கிக்கறேன்."

வேண்டாம் என்று அர்த்தநாரி கத்தினார். அதற்குள் ஊளைச் சத்தம் வயர்லெஸ் முழுக்க நிறைந்துவிட்டது. முகமூடி மேலே போய்விட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. முதல் கோடு உயரத்தில் நின்றது. இரண்டாவது அசையவில்லை. வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு மலை குறுக்கே வந்து மூன்று கோடுகளும் மறைந்துபோயின.

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸோடு காத்திருந்தவர்கள் சொன்னதுதான் மீதிக் கதை. வண்டி நேராக இறங்கி வந்தது. ஓட்டியவன் தலையை இடப்பக்கம் சாய்த்து, பாதையோரப் பனியைப் பூட்ஸால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவனால் அப்போதே எதையும் பார்க்க முடியவில்லை.

பூவரசன் சில நாளில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். நோர்புவின் ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் தெரியும் என்றார்கள். அர்த்தநாரி போனில் பேசியபோது, "அடுத்த வாட்டி நீங்க ஓட்டுங், நான் பைக்குள்ள படுத்துக்கறேன்" என்று சிரித்தான். பொத்தானை அழுத்தாமல் நின்ற அந்த நேரத்தைப் பற்றி அர்த்தநாரி அவனிடம் பேச நினைத்தார். பேசவில்லை.

வானம் தெளிந்ததும் ஹெலிகாப்டரில் கம்பெனி டைரக்டர் ரகோத்தமன் வந்து இறங்கினார். நல்ல மனிதர். வரும் வழியில் நோர்புவைப் பார்த்து, அவன் குடும்பத்துக்குக் கம்பெனி ஆயுள் முழுக்கச் சம்பளம் கொடுக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். மேலே ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்தார். எல்லோருக்கும் கை கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பெங்களூரில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பங்கு போட்டுப் பார்த்தும் ஒரு வண்டிகூட நோயாளியோடு அந்த உயரத்தைத் தாண்டியதில்லை. அர்த்தநாரியின் கை தாண்ட வைத்திருக்கிறது. இந்தப் பாடத்தை அப்படியே பிரதி எடுத்து, மலை மாவட்டங்களின் ஆஸ்பத்திரி வண்டிகளுக்கெல்லாம் போடப்போகிறார்கள்.

வசுமதி மூன்றாவது குழாயைப் பற்றிச் சொன்னாள்.

"பார்த்தேம்மா" என்றார் ரகோத்தமன். "நோர்பு விஷயம் துரதிர்ஷ்டம், அன்னிக்கு எதிர்பாராத காத்து. ஆனா ஓட்டறவங்க எல்லாம் இந்த மண்ணுல பொறந்தவங்க. அவங்களுக்கு இந்தக் காத்து பழக்கம். ஒவ்வொரு வருஷமும் பாதை மூடி எத்தனை பேர் சாகறாங்க தெரியுமா? பிரசவத்துக்குப் போற பொம்பளைங்க, குழந்தைங்க."

அது பொய் இல்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது. அர்த்தநாரி யோசித்துவிட்டு, ஒரு தடவை நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றார். ரகோத்தமன் விடுமுறைக்குக் குல்மார்க் போய் ஸ்னோமொபைல் ஓட்டியவர். உற்சாகமாக ஒப்புக்கொண்டார்.

பைக்குள் அர்த்தநாரி படுத்துக்கொண்டார். உள்ளே காற்று கெட்டியாக, ஊர்க் காற்று போல இருந்தது. இத்தனை மாதத்தில் நெஞ்சு நிறைய மூச்சு விட்டது அங்கேதான். சரிவு தொடங்கியது தெரிந்தது. இன்ஜின் முனகியது, உடனே தெளிந்தது. தன்னுடைய கை இல்லாமலே தன்னுடைய கை வேலை செய்கிறது என்று நினைத்தார்.

அடுத்த நொடி இன்ஜின் அணைந்தது. வண்டி வழுக்கி நின்றது. ஜிப்பைத் திறந்து எழுந்தபோது, ரகோத்தமன் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பனியில் முழங்காலை ஊன்றி, வாயைப் பிளந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து, "புரிஞ்சுது" என்றார்.

அவருக்குப் புரிந்துவிட்டது என்றே இருவரும் நம்பினார்கள். ஹெலிகாப்டர் மறையும்வரை கை அசைத்தார்கள்.

பனி உருகத் தொடங்கியபோது லாரி வந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர்களோடு பூவரசனும் இறங்கினான். இளைத்திருந்தான். வேண்டாம் என்று அக்கா சொல்லியும் வந்துவிட்டதாகச் சொன்னான். பின்னாலேயே டர்போ பெட்டிகள், வரிசையாக. பொருத்தத் தெரிந்தவர் அர்த்தநாரி என்பதால் எல்லா வண்டிகளுக்கும் இங்கேதான் வேலை. பாடம் ஏற்கெனவே கறுப்புப் பெட்டிகளில் ஏற்றப்பட்டிருந்தது. லீவரே வைக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வந்த குறிப்பை வசுமதி படித்தாள். டைரக்டரின் நேரடி அனுபவத்தைக் கொண்டு அமைப்பில் ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள். ஏற்றத்தின் நடுவே ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்தாலும் இனி இன்ஜின் நிற்காது. உச்சி வரும்வரை வண்டி தானே ஏறும்.

"பயந்து கையை எடுத்தது அவருதானே அண்ணே" என்றாள். "அதைத்தான் சரி பண்ணியிருக்காரு."

அர்த்தநாரி முதல் வண்டியின் மூடியைத் திறந்தார். அதை எடுத்துப்போக வந்திருந்தவள் டோல்மா என்ற பெண். அடுத்த பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரியின் ஓட்டுநர். அவள் ஆர்வமாகக் குனிந்து பார்த்து, இந்தியில், இந்த மூன்றில் என்னுடைய குழாய் எது என்று கேட்டாள். அவர் தொட்டுக் காட்டினார்.

தொட்ட கையை எடுக்கவில்லை. குழாயின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு இருந்தது. பெட்டி மூடச் சொன்னால் மூடுவது அதுதான். அவர் ஸ்பானரைப் போட்டு அதைக் கழற்றினார். ஒயரை வெட்டினார். குழாயின் இரண்டு முனைகளையும் வெறும் இரும்புக் குழாய்த் துண்டால் சேர்த்துப் பிடித்தார். இனி அந்தக் குழாயை மூட எதுவும் இல்லை.

வசுமதி தடுக்கவில்லை. "அந்தக் காத்து இல்லாம நடு ஏத்தத்துல வண்டி நின்னுட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்னால வழுக்கும். இழுத்துப் பிடிச்சுத் திருப்பிக்கலாம், கண்ணு தெரியற ஆளா இருந்தா."

"பைக்குள்ள இருக்கிறவங்க?"

அர்த்தநாரி க்ளிப்பை மாட்டி, ஸ்குரூ டிரைவருக்காகக் கையை நீட்டினார். கருவிப் பெட்டியோடு பக்கத்தில் நின்ற பூவரசன் அதைக் கொடுக்கவில்லை. தானே குனிந்து க்ளிப்பின் திருகில் வைத்தான்.

"மாமா, இப்படி இருந்திருந்தா ஏணியில வண்டி ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்காது மாப்ள."

பூவரசன் தலையசைத்தான். இறுகும்வரை முடுக்கினான். பிறகு குழாயை ஆட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் அரைச் சுற்று முடுக்கினான்.